பல் உடைக்காத பக்கம்

கேசட்டின் முதுகில், இரண்டு மூலைகளிலும், அரிசியளவில் ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். ஒரு பல் ஒரு பக்கத்துக்குக் காவல். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின் மேல் வேறெதையும் பதிய முடியாது. உள்ளே இருப்பது இருப்பதுதான். பேனா முனையை விட்டு நெம்பினால் போதும், டிக்கென்று விழும். அந்தச் சத்தத்துக்கு நான் இரண்டு வருடம் பயந்துகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை ஒட்டிவைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு சேர்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து தாளை விரித்தால் எழுத்துகள் தாளை விட்டு ஒரு விரல் மேலே மிதக்கும். எழுத முடியாது. எழுதாமல் இருக்கவும் முடியாது. முப்பத்திரண்டு வயதில் எனக்குள் ஒன்று நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. அதன் வாயை எங்காவது வைத்தாக வேண்டியிருந்தது.

அதனால் கேசட் ரேடியோவின் முன் உட்கார்ந்து பேசத் தொடங்கினேன். சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசுவேன். ஆற்றிடம் பேசினேன். சுங்கை பினாங்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறைச் சன்னலுக்குக் கீழே அந்த ஆறு கறுப்பாகக் கிடந்தது. ஓடியது என்று சொல்ல மாட்டேன். வெயிலேறினால் மூக்கைப் பொத்த வேண்டும். ஆனாலும் ஆறு. யாரும் அதனோடு ஒரு வார்த்தை பேசாத ஆறு. உரைநடைக்கும் கவிதைக்கும் நடுவில் கால் வைத்துக்கொண்டு, 'ஆறே' என்று கூப்பிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொன்னேன்.

வீட்டில் இருந்தது மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். அண்ணனுக்குக் கடலுக்கு அக்கரையில் இருந்த துறைமுகத்தில் வேலை. பொழுது விடியுமுன் பெர்ரி ஏறிவிடுவார். எனக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரங்களில் காலை நேரத்தில் அண்ணியும் நானும் மட்டும் இருப்போம். ஒன்பது மணிவாக்கில் அண்ணி குளியலறைக்குள் போய்த் தாழ் போடுவார். குழாய் முழு வேகத்தில் திறக்கும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். குளிக்கிற சத்தம் கேட்காது. வாளி நிரம்பி வழிகிற சத்தம்தான் கேட்கும். வெளியே வரும்போது முகம் கழுவியிருப்பார், கண் சிவந்திருக்கும். எதற்காக அழுதார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்காததை ஆற்றிடம் சொன்னேன். 'ஆறே, எங்கள் வீட்டுக் குழாய் ஏன் காலை ஒன்பது மணிக்கு அழுகிறது' என்று தொடங்கி ஏழெட்டு நிமிடம் போகும் அந்தப் பகுதி. நான் பேசியதிலேயே அதுதான் பொய்யில்லாதது. அதனாலேயே அதற்கு ரொம்பப் பயந்தேன்.

அண்ணிக்கு நான் பேசுவது தெரியும். என்ன பேசுகிறேன் என்று தெரியாது. அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். "நாடகமா போடுற? ஆள் கொறையுதுன்னா சொல்லு, நானும் வரேன்லா" என்பார், காய் நறுக்கிக்கொண்டே.

இன்னொரு பயமும் இருந்தது. அது பெரியவர்களைப் பற்றியது. எனக்கு முன்னால் செய்துவிட்டுப் போனவர்களை அப்படித்தான் சொல்வேன்.

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எதைச் செய்தாலும், இதை முன்பே ஒருவர் இதைவிட நன்றாகச் செய்துவிட்டாரோ என்ற சந்தேகம் கூடவே வரும். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் தேடிப் போனேன். வீடியோக் கடையில் கறுப்பு வெள்ளைப் படங்களை வாடகைக்கு எடுத்தேன். நூல் நிலையத்தில் தமிழுக்கென்று இருந்த ஒரே அலமாரியில் மேல் தட்டிலிருந்து வரிசையாக வாசித்தேன், கண் தாங்குமட்டும், நாளைக்கு நாலைந்து பக்கம். பழைய இசைத்தட்டுகளைக் கேசட்டில் பதிந்து தரும் கடை ஒன்று லிட்டில் இந்தியாவில் இருந்தது; அங்கே போய்க் கேட்டு வாங்கினேன். பசி மாதிரி அது. தின்னத் தின்னப் பயம்தான் வளர்ந்தது.

ஒரு படத்தில் ஒருத்தி நனைந்த சேலையை மடிப்பாள். அவ்வளவுதான் காட்சி. வசனம் இல்லை. சேலையின் ஒரு முனையைப் பிடிக்க எப்போதும் இருந்த ஆள் இப்போது இல்லை என்பது நமக்குத் தெரியும்; அவள் முகவாய்க்கட்டையால் அந்த முனையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தனியாகவே மடிப்பாள். அரை நிமிடம் இருக்கும். எங்கள் வீட்டுத் துணிக்கொடியைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசி வைத்திருந்தேன். அன்றைக்கே அந்தப் பத்து நிமிடத்தை அழித்தேன். இன்னொரு நாள், நூல் நிலையத்து நாவல் ஒன்றில் ஒரு வாக்கியம் கிட்டத்தட்ட என்னுடையது. யாரோ ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். திருடிப் பிடிபட்டவள் போலப் புத்தகத்தை மூடினேன். அதையும் அழித்தேன். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போனார்கள். நானே கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன்.

அதற்காகத்தான் ஒரு கணக்கு வைத்தேன். ஒரு நாள் எனக்கு, மறுநாள் அவர்களுக்கு. என் நாளில் படம் இல்லை, புத்தகம் இல்லை, பாட்டு இல்லை. அவர்கள் நாளில் நான் வாய் திறக்கக் கூடாது. அண்ணி இதையும் விடவில்லை. "வெரதம் மாதிரில்ல இருக்கு. செவ்வாய் வெள்ளி மீன் கெடையாது, திங்க பொதன் வாய் கெடையாது" என்றார்.

விரதம் பலித்ததா என்றால், ஓரளவு பலித்தது. தை மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, அழித்தது போக மிஞ்சியதையெல்லாம் ஒரே மூச்சில் புதிதாகப் பேசி முடித்தேன். புது தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். அதில் நாற்பத்திரண்டு நிமிடம் என் குரல். பழைய கேசட்டுகளின் மேலெல்லாம் ஏற்கெனவே பெரியவர்களின் பாட்டுகளைப் பதிந்துவிட்டேன். தாளில் ஒரு வரி கிடையாது. இருந்தது அது ஒன்றுதான்.

மறுபக்கம் காலியாகக் கிடந்தது. காலியாக விட மனம் வரவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர்கள். என் கணக்கு அந்தக் கேசட்டிலேயே நேராகிவிடும் என்று தோன்றியது. கேசட் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வீணைத் தட்டு; எத்தனையோ நாளாகக் கடையில் கேட்டுக் கேட்டு ஆசைப்பட்டது. இரண்டாவது உருப்படியில் ஊசி ஒரு கீறலில் தடுக்கி, டக், டக் என்று இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் மேலே போகும். அந்தத் தட்டலும் எனக்குப் பிடிக்கும்.

கடைக்காரர் கனத்த ஆள். காதில் பென்சில். யார் எதைக் கொண்டுவந்தாலும் இரண்டே கேள்விதான் கேட்பார். "தொண்ணூறா அறுவதா? பல்லு ஒடைச்சாச்சா?" அவருடைய தலைக்கு மேல் அட்டையில் எழுதித் தொங்கும்: பல் உடைக்காத பக்கத்துக்குக் கடை பொறுப்பல்ல. வீட்டில் எடுத்த கல்யாணப் பேச்சு, குழந்தையின் மழலை, சாமியாரின் பிரசங்கம் எல்லாம் அங்கே வரும். வைத்துக்கொள்ள வேண்டியதன் பல்லை உடைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஊருக்கே தெரிந்த வழக்கம்.

நான் உடைக்கவில்லை. ஏழாவது நிமிடத்தில் ஒரு சொல் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். பல்லை உடைத்துவிட்டால் அந்தச் சொல் அப்படியே நின்றுபோகும். அதோடு நானும் நின்றுபோவேன் என்று தோன்றியது.

"இந்தப் பக்கம் மட்டும்ணே. பின்பக்கம் வேணாம்."

"ஒரு பக்கம் போதுமா தங்கச்சி?"

"போதும்ணே."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். தைப்பூசம் கழித்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். சொல்லிவிட்டோமே என்ற தைரியத்தில் வந்துவிட்டேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், வெள்ளி ரதம் புறப்படுகிற நாள். அண்ணி காலையில் ரதம் பார்த்துவிட்டு, பாசார்ச் சந்தைக்கும் போய்விட்டு, உடைந்த தேங்காய் வாசத்தோடு வந்தார். மறுநாள் பால்குடம் எடுப்பதாக அவருக்கு வேண்டுதல். அதற்கான மஞ்சள் துணியும் பூவும் கூடையில் இருந்தன. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க கேசட் கடை அண்ணனப் பாத்தேன். கடைய இழுத்து மூடிட்டு லாரில ஏத்திக்கிட்டிருக்காரு."

"என்னத்த?"

"ஒலிபெருக்கி, அண்டா, சர்பத்து. தண்ணிமலை ரோட்டுல பந்தல் போடுறாராம். கடையில உள்ள கேசட்டு அம்புட்டையும் பெட்டியோட தூக்கி வெச்சாச்சு. நாலு நாளைக்குக் கடை கெடையாதாம்லா."

கை நின்றுவிட்டது. அண்ணி நிறுத்தவில்லை.

"புதுசா ஒரு மெஷின் வேற வாங்கிருக்காராம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பதியுமாம். தொண்ணூறு நிமிசத்த அஞ்சு நிமிசத்துல முடிச்சிருமாம். அவரு பேசுற பேச்சப் பாத்தா, பால்குடத்தக்கூட அதுக்குள்ள விட்டா மலையேத்திக் குடுத்துரும் போல."

அண்ணி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு உள்ளே போனார். நான் மடித்த துணியை மறுபடி பிரித்தேன். மறுபடி மடித்தேன்.

இரண்டு பயம் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிடும் என்று நினைப்போம். தள்ளாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். என் கேசட் அந்த மெஷினுக்குள் போயிருந்தால் என் குரல் அழிந்திருக்கும். இரண்டு வருடம் போய்விடும். போகாமல் அப்படியே பெட்டிக்குள் கிடந்தால், பந்தலில் யாராவது எடுத்து ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம். முருகன் கோயிலுக்குப் பினாங்கே நடந்துபோகிற தண்ணீர்மலை ரோட்டில், ஆளுயர ஒலிபெருக்கியில், நான் இருமுவேன். தொண்டையைச் சரிசெய்வேன். அப்புறம், எங்கள் வீட்டுக் குழாய் ஏன் அழுகிறது என்று கேட்பேன். அப்போது அண்ணி தலையில் பால்குடத்தோடு அதே ரோட்டில் நடந்துகொண்டிருப்பார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினோம். அண்ணன் முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டே போனார். மஞ்சள் சேலையில் அண்ணி, வெறுங்கால், குடத்தின் வாயைக் கட்டிய துணி ஓரத்தில் லேசாக நனைந்திருந்தது. நான் பக்கத்தில். தார் சுட்டது. பத்தடிக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு ஒலிபெருக்கி. ஒரு பாட்டு இன்னொரு பாட்டின் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. காவடிக்காரர்கள் சத்தத்துக்கே ஆடினார்கள். வழக்கமாக எனக்குப் பிடித்த இரைச்சல். அன்றைக்கு இரைச்சலுக்குப் பயமில்லை. அது நிற்கும் இடத்துக்குத்தான் பயம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு இடைவெளி வரும். ஒவ்வொரு இடைவெளியிலும் என் இருமலுக்காகக் காத்திருந்தேன்.

"ஏன் இப்படி வேர்க்குது ஒனக்கு? கொடம் எடுத்தது நானா நீயா?" என்றார் அண்ணி, தலையைத் திருப்பாமல்.

"வெயில் அண்ணி."

"வெயில் எனக்கும்தான் அடிக்குது."

மலைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கேசட் கடைக்காரரின் பந்தல் வந்தது. வாழைமரம் கட்டி, ரோஸ் சர்பத்து அண்டா வைத்து, அவர் பனியனோடு நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது. அவர் குனிந்து ஒரு கேசட்டை எடுத்தார், இன்னொன்றைப் போட்டார். போட்ட கேசட்டின் காலிப் பெட்டியை ஒலிபெருக்கியின் மேல் வைத்தார். நீலப் பெட்டி. அதில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் என் கையெழுத்து. என்ன எழுதியிருந்தேன் என்று இங்கிருந்தே தெரியும்: இந்தப் பக்கம் மட்டும்.

ஒலிபெருக்கி ஒரு கணம் உஸ்ஸென்றது.

வீணை.

கால் தானாக நடந்தது. அண்ணியோடு முன்னே போய்க்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் முதல் உருப்படி முடிந்து இரண்டாவது தொடங்கியது. டக், டக் என்று கீறல் தட்டியது. என் கேசட்டேதான். ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கம் திரும்பும் பிளேயர் அது, கடையிலேயே பார்த்திருக்கிறேன். சொன்னபடி ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தால், அடுத்து வரப்போவது என் குரல். நாற்பத்தைந்து நிமிடம். அதற்குள் மலையேறி, பாலை ஊற்றி, இறங்கி வந்து நிறுத்த முடியாது. இப்போதே ஓடிப்போய் நிறுத்தலாம். என்ன சொல்லி நிறுத்துவது? அண்ணி, கொஞ்சம் நில்லுங்கள், அங்கே உங்களைப் பற்றி நான் பேசியிருக்கிறேன் என்றா?

நான் ஓடவில்லை. படியேறினேன். இதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

மேலே கோயிலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கீழே இருந்த எல்லாப் பந்தல்களின் சத்தமும் ஒரே முழக்கமாகக் கலந்து மேலே வந்தது. எது வீணை, எது மேளம், எது மனிதக் குரல் என்று பிரிக்க முடியாது. அண்ணி குடத்தை இறக்கிக் கொடுத்தார். பால் முருகன்மேல் ஊற்றப்படும்போது கண்ணை மூடிக்கொண்டார், உதடு அசைந்தது. நானும் கண்ணை மூடினேன். மூடியதும் ஒன்று வந்தது. நான் யோசித்துச் சொன்னதல்ல. அழிஞ்சிருக்கணும் முருகா. அந்த மெஷின் எல்லாத்தையும் அழிச்சிருக்கணும்.

கண் திறந்தேன். இரண்டு வருடம் பேசியதை நானே கொல்லச் சொல்லி வேண்டிக்கொண்டேன். அதுவும் பால் ஊற்றுகிற இடத்தில். பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை. எந்தப் படமும் எந்த நாவலும் வந்து என்னை ஒதுங்கு என்று சொல்லவில்லை. அவர்களைச் சாக்கு வைத்துத்தான் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேனா? யாராவது என்னைக் கேட்டுவிடுவார்கள் என்பதுதான் முதலிலிருந்தே என் பயமா?

இறங்கி வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பந்தலை நெருங்க நெருங்கக் காது மட்டும்தான் எனக்கு மிச்சமிருந்தது. ஏதோ நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் அண்ணியும் சர்பத்துக்காக ஒதுங்கினார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க கேசட்டத்தான் போட்டேன். கூட்டம் நின்னு கேட்டுச்சுலா."

"எந்தப் பக்கம்ணே?"

"ரெண்டு பக்கமும்."

அண்ணி ஒரு கோப்பையை அண்ணனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"பின்பக்கத்துல என்னாணே இருந்துச்சு?"

"வீணைதான். அதே வீணை அம்மாவோட இன்னொரு தட்டு. ஒரு தட்டு கேட்டீங்க, ரெண்டா குடுத்திருக்கேன். மாஸ்டர் கேசட்டுல ரெண்டும் சேர்ந்து இருந்துச்சு. புது மெஷின், ஒரே தள்ளு."

"ஒரு பக்கம் மட்டும்னு சொன்னேனேண்ணே."

"சொன்னீங்க. காசுக்குப் பாத்துச் சொல்றீங்கன்னு நெனச்சேன். பல்லும் ஒடைக்காம இருந்துச்சு." அவர் முகம் கொஞ்சம் மாறியது. "ஏன், பின்னாடி ஏதும் இருந்துச்சா?"

"இல்லணே" என்றேன். "ஒண்ணும் இல்ல."

கேசட்டை வாங்கிக்கொண்டேன். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். சர்பத்தைக் குடித்தேன், குளிர்ச்சி மார்பு வரைக்கும் இறங்கியது. அதோடு ஒரு நிம்மதியும் இறங்கியது. அந்த நிம்மதிக்கு நான் பயந்த மாதிரி அதற்கு முன்னால் எதற்கும் பயந்ததில்லை. பெற்ற பிள்ளை தொலைந்துபோனதும் அப்பாடா என்று உட்கார்ந்தவள் போல இருந்தது.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் அவரைக் கேட்காத மாதிரியே.

இரண்டு வாரம் எதையும் தொடவில்லை. படம் எடுக்கவில்லை, நூல் நிலையத்துப் புத்தகத்தைத் தேதி கடந்தும் கொடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். மூன்றாவது வாரம், இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் ஒரு காலை, பேசியதை ஞாபகத்திலிருந்து கூட்டிப் பார்த்தேன். முதலில் வந்ததெல்லாம் மற்றவர்களுடையது. சேலை மடிக்கிறவளின் முகவாய்க்கட்டை. பென்சில் கோடு போட்ட வாக்கியம். வீணையின் டக், டக். என் சொல்லுக்கு இடமே இல்லாத அளவுக்கு அவர்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களைக் கழிக்கக் கழிக்க நான் என்று ஒன்று மிஞ்சாதோ என்று பயந்தேன். ஆனாலும் ஒவ்வொன்றாக, இது உங்களுடையது, இதுவும் உங்களுடையது என்று எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே போனேன். அழிக்கவில்லை, ஓரமாகத்தான் வைத்தேன். கடைசியில் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஆற்றின் நாற்றம். தங்கக் கம்பி. குழாய்.

அதே கேசட்டை ரேடியோவில் போட்டு, என் பக்கத்தைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, அந்த இனாம் வீணையின் மேலேயே பேசத் தொடங்கினேன். அறைக் கதவைச் சாத்த மறந்திருந்தேன். மறந்தேன் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். அண்ணி குளியலறைக்குள் போனார். தாழ் விழுந்தது. குழாய் திறந்தது. தண்ணீர்ச் சத்தம் வீடு முழுக்க வந்தது, கேசட்டிலும் விழுந்துகொண்டிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். நாடா ஓடிக்கொண்டிருந்தது. அடுத்துச் சொல்ல வேண்டியது குழாயைப் பற்றியதுதான். நிறுத்தலாமா என்று பொத்தானின் மேல் விரலை வைத்தேன்.

குழாய் நின்றது.

கதவு திறக்கவில்லை. வாளியில் மிச்சத் துளிகள் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நாலடி தூரத்தில், ஒரு மெல்லிய கதவுக்குப் பின்னால், அண்ணி சத்தமில்லாமல் இருந்தார். இப்போது சொன்னால் அவருக்குக் கேட்கும். சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன்.

இருமினேன். தொண்டையைச் சரிசெய்தேன். 'ஆறே, எங்கள் வீட்டுக் குழாய் ஏன் காலை ஒன்பது மணிக்கு அழுகிறது' என்று தொடங்கினேன். நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் போனேன். பொத்தானை நிறுத்தியபோது பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டில் மிஞ்சியது அவ்வளவுதான்.

அண்ணி வெளியே வந்தார். முகம் ஈரமாக இருந்தது. கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார்.

"கொழா சத்தம் அதுல விழுந்துரும்னு மூடுனேன்."

"கேட்டுச்சா அண்ணி?"

"பிளைவுட் கதவுலா. ஒனக்கு நான் அழுறது கேக்கும், எனக்கு நீ பேசுறது கேக்காதா?"

எத்தனை நாளாக என்று கேட்க வாய் வரவில்லை. அவர் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கேசட்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒம்பது மணின்னு சொல்ற. ஒம்பதரை. மத்தியானத்துக்கு ஒல வெச்சிட்டுத்தான் போவேன்."

"மாத்திடவா அண்ணி?"

"வேணாம். மாத்தினா மறுபடி மொதல்லேர்ந்து பேசுவ. நானும் மறுபடி மூடிக்கிட்டு நிக்கணும்."

தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி என்னிடம் நீட்டினார். நான் பல்லை உடைக்காமல் கொடுத்ததை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அந்தக் கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஏழாவது நிமிடத்துச் சொல் இந்த முறையும் உறுத்தியது. ஒன்பது மணி தவறு என்று இப்போது தெரியும். பத்தொன்பது நிமிடத்தில் பாதி பெரியவர்கள் நிழலில்தான் நிற்கிறது என்றும் தெரியும். முதல் தடவை ஹேர்பின் வழுக்கிவிட்டது. இரண்டாவது தடவை, டிக்.

அந்தத் துண்டு கட்டிலுக்கடியில் எங்கோ போய் விழுந்தது. அண்ணி குனிந்து தேடினார், கிடைக்கவில்லை.

"போடு, கேப்போம்" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் குரலை நான் கேட்டதுபோல ஒரு பயத்தை நான் அப்புறம் எந்த மேடையிலும் பட்டதில்லை. அவர் ஓரிடத்திலும் அழவில்லை. ஆற்றின் நாற்றத்தைச் சொன்ன இடத்தில் மட்டும் மூக்கைச் சுளித்துச் சிரித்தார். என் கடைசி வரி முடிந்ததும் நாடாவில் ஒரு சிறு சத்தம் வந்தது. நிறுத்த எழுந்தேன். அண்ணி என் கையைப் பிடித்தார். அழியாமல் மிச்சமிருந்த வீணை, உருப்படியின் நடுவிலிருந்து, எங்கே விட்டதோ அங்கேயிருந்து வாசிக்கத் தொடங்கியது.